இடது கைப் பக்கத்து இருக்கை

கோவிந்தாபுரம்
12 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய அக்கா கோமதி அவர்களுக்கு,

தம்பி சிவப்பிரகாஷ் எழுதுவது. இங்கே ஐயன், அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே உள்ள அனைவரும் அவ்வாறே இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஏழு வருடம் கழித்துத் திடீரென்று மின்னஞ்சல் வருகிறதே, ஏதோ கெட்ட செய்தி என்று பதற வேண்டாம். வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். காலையில் மாந்தோப்பு, பத்து மணிக்கு மேல் கணினி. இணையத்தில் ஒரு மாய உலகம் இருக்கிறது. விளையாட்டு என்று சொல்ல முடியாது, ஜெயிப்பது தோற்பது எதுவும் அங்கே கிடையாது. ஜனங்கள் தங்களுக்கென்று ஓர் உருவம் வைத்துக்கொண்டு, வீடு கட்டி, விருந்து வைத்து, அரட்டை அடித்துப் பொழுதைப் போக்குகிறார்கள். அந்த உருவத்துக்கு அவதார் என்று பெயர். வீடு என்று இருந்தால் நாற்காலி, மேசை, கட்டில் வேண்டுமே. அவற்றைச் செய்து விற்பதுதான் இப்போது என் தொழில்.

நாற்காலி செய்ய எனக்கு வரும். அதில் ஆளை உட்காரவைக்கத்தான் வராது. அவதார் உட்கார்ந்ததும் இடுப்பு எங்கே இருக்க வேண்டும், கால் எப்படி மடங்க வேண்டும், எத்தனை நொடி கழித்துத் தலை திரும்ப வேண்டும், எப்போது காபியை எடுக்க வேண்டும் என்று அசைவுகளை ஒவ்வொன்றாகச் செய்து, வரிசைப்படுத்தி, நாற்காலிக்குள் வைக்க வேண்டும். அப்படி வைக்காவிட்டால் ஆள் பலகைக்குள் புதைந்துபோவார். இதுவரை இதைச் செய்து தந்த நண்பர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நீங்கள் படித்தது அனிமேஷன் என்பதால் கேட்கிறேன். முடியுமா என்று தெரிவிக்கவும்.

எல்லாம் எழுத்திலேயே இருக்கட்டும். போன் வேண்டாம். ஐயன் எந்நேரமும் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

பணிவுடன்,
சிவப்பிரகாஷ்


சூரியநெல்லி
19 ஆகஸ்ட் 2024

பிரகாசு,

நான் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இரு. ‘அங்கே உள்ள அனைவரும்’ என்று எழுதியிருக்கிறாய். அனைவரும் என்றால் மூன்று பேர்தான். என் வீட்டுக்காரர் சுடலைமணி, மாமியார் அழகுத்தாய், மகள் ஆர்த்தி. பெயரை எழுதினால் மை ஒன்றும் தீர்ந்துவிடாது.

உன் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். கொழுக்குமலைக்கு வெள்ளைக்காரர்களை ஜீப்பில் ஏற்றிப்போய் இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஒன் தம்பிக்கு நாக்காலி செய்யத் தெரியுது, உக்காருங்கன்னு சொல்லத் தெரியல போல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஏழு வருடத்துக்குப் பிறகு வந்த கடிதத்தில் அம்மாவைப் பற்றி அரை வரி, நாற்காலியைப் பற்றி ஒரு பக்கம். சரி, நாற்காலியைச் சாக்கு வைத்தாவது எழுதினாயே. வேலையை ஒத்துக்கொள்கிறேன். ஆர்த்தி பள்ளிக்கூடம் போன பிறகு நாலு மணி நேரம் கிடைக்கும். கிரைண்டருக்கு மேலே இருக்கும் ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் நிற்கும், அங்கேயே கணினியை வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். நான் இவரைக் கட்டிக்கொண்டு மலையேறிய அன்று, “இனி இந்த ஊட்டுச் சீருக்கும் செறப்புக்கும் உனக்கு எடமில்ல” என்று ஐயன் சொன்னார். கேட்டுக்கொண்டுதான் வந்தேன். நோம்பிக்குக் கூப்பிடவில்லை, காதுகுத்துக்குக் கூப்பிடவில்லை என்று நான் என்றைக்காவது குறைப்பட்டேனா? ஆனால் உன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நிற்க வேண்டியவள் நான். கூறைச்சேலையின் ஒரு முனையை நீ பிடித்தால் மறுமுனையைக் கூடப்பிறந்தவள்தான் பிடிக்க வேண்டும். அந்த ஓர் ஆசையை மட்டும் என்னால் விட முடியவில்லை. எழுதிவிட்டேன், போதும்.

அம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது?

அக்கா,
கோமதி


கோவிந்தாபுரம்
7 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் நலமே விளையட்டும். அம்மாவுக்கு முட்டியில் ஊசி போட்டிருக்கிறது. மாடிப்படி ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

முதல் நாற்காலி வந்து சேர்ந்தது. அசைவு சுத்தமாக இருக்கிறது. ஒரு சுற்று முடிந்து மறுசுற்று தொடங்கும் இடம் கண்ணுக்கே தெரியவில்லை. முன்பு செய்தவர் கொடுத்ததில் அந்த இடத்தில் ஆள் வெடுக்கென்று குலுங்குவார்.

இரண்டு குறைகள். உங்கள் அவதார்கள் எல்லாம் நாற்காலி நுனியில்தான் உட்காருகின்றன. யாரும் சாய்வதே இல்லை. முப்பது நொடிக்கு ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்க்கின்றன. வாங்கியவர்கள் ‘இந்த ஆள் ஏன் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்’ என்று கேட்கிறார்கள். இரண்டாவது, அளவெல்லாம் குள்ளமான உடம்புக்கு வைத்திருக்கிறீர்கள். நடுத்தர உயரத்துக்கு மாற்ற வேண்டும்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

சிவப்பிரகாஷ்


சூரியநெல்லி
11 செப்டம்பர் 2024

பிரகாசு,

இங்கே மூவரும் நலம், ஆர்த்திக்கு மட்டும் சளி.

நுனியில் உட்காருவது என் மாமியார். நாற்பது வருடம் கொழுந்து பறித்த மனுஷி. எஸ்டேட் ஆபீசில் நாற்காலி போட்டால் அப்படித்தான் உட்காருவார். கூப்பிட்டால் எழுந்துகொள்ளத் தோதாக இருக்குமாம். வாசலைப் பார்ப்பது கங்காணி வருகிறாரா என்று. எனக்குப் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் செய்யத்தான் தெரியும், மனசிலிருந்து இட்டுக்கட்டத் தெரியாது. குள்ளமான உடம்பு என்னுடையது. அளவு பார்க்க வேறு யாரைக் கூப்பிடுவேன்? உயரத்தை மாற்றிவிட்டேன்.

சாய்ந்து உட்காரும் ஆள் என்று யோசித்தபோது ஒரே ஒருவர்தான் ஞாபகம் வந்தார். இத்துடன் புதிய வரிசை ஒன்று அனுப்பியிருக்கிறேன். இடது காலின் மேல் வலது கால். தலை பின்னால். பேப்பரை ஓர் உதறு. பிறகு நாற்காலிக் கையில் மூன்று விரலால் மூன்று தட்டு. யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூன்று தட்டுக்குப் பிறகு வரும் “வேண்டாம்” என்பதை மட்டும் இதில் சேர்க்கவில்லை.

கோமதி


கோவிந்தாபுரம்
3 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். உங்கள் வீட்டிலும் மூவரும் நலமாக இருக்க வேண்டும். ஆர்த்திக்குச் சளி விட்டதா?

ஐயனுடைய நாற்காலி இதுவரை நான் செய்ததிலேயே அதிகம் விற்கிறது. எதற்கென்றே தெரியாமல் உலகம் முழுக்க ஆட்கள் நாற்காலிக் கையில் மூன்று தட்டுத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் அனுப்பிய அன்று கணினியில் அதை ஓட்டிப் பார்த்தேன். அந்த மூன்று தட்டு வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அறையில் யாரும் இல்லை.

புதிய வேலை ஒன்று வந்திருக்கிறது. லிஸ்பனில் இருக்கும் ஓர் அம்மா, அந்த உலகத்தில் கல்யாண மண்டபம் நடத்துகிறார். தென்னிந்தியக் கல்யாண மணவறை ஒன்று வேண்டுமாம், சடங்கு அசைவுகளோடு. மணவறையை நான் செய்துவிட்டேன். உட்காருவது, மாலை மாற்றுவது, தாலி கட்டுவது எல்லாம் உங்கள் பொறுப்பு.

ஜனவரி பத்துக்குள் முழுவதும் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னால் கணினிப் பக்கம் வர முடியாது. மாமரங்களுக்கு மருந்தடிக்கும் வேலை இருக்கிறது.

சிவப்பிரகாஷ்


சூரியநெல்லி
14 நவம்பர் 2024

பிரகாசு,

சுகம். ஒரு மாதமாக விடாத மழை, மூன்று நாள் கரண்டே இல்லை. ஆர்த்தி மட்டும் பள்ளிக்கூடம் லீவு என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

மணவறை முடிந்தது, அனுப்பியிருக்கிறேன். எந்த இருக்கைக்கு எந்த அசைவு, எந்த வரிசையில், எத்தனை நொடி என்கிற பட்டியல் வழக்கம்போல உள்ளேயே இருக்கிறது. மொத்தம் மூன்று இருக்கை. நடுவில் மாப்பிள்ளை, வலது பக்கம் பெண், இடது கைப் பக்கம் அக்கா. முதலில் மாப்பிள்ளை உட்காருவார். அக்கா சீர் வைத்த பேழைமூடிக் கூடையோடு வந்து நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவர் இடது கையில், மறுமுனை இவள் கையில். அப்படியே நாற்பது நொடி. அது முடிந்த பிறகுதான் பெண் வருவாள். மூன்றாவது இருக்கையில் ஆள் வராவிட்டால் அடுத்த அசைவு தொடங்காதபடி வைத்திருக்கிறேன். இணைச்சீர் ஆகாமல் முகூர்த்தம் எப்படி நடக்கும்?

அந்த நாற்பது நொடிக்குத்தான் ஒரு மாதம் ஆனது. கண்ணாடிக்கு முன்னால் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்று, போனில் படம் எடுத்து, பார்த்துப் பார்த்துச் செய்தேன். மாமியார் எட்டிப் பார்த்து, “ஏட்டி, யாருக்குக் கைய நீட்டிக்கிட்டு நிக்க?” என்றார். தம்பி கல்யாணத்துக்குப் பழகுகிறேன் என்றேன். “அவன் கூப்பிடட்டும் மொதல்ல” என்று சொல்லிவிட்டு, அவரே துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நீயாக நின்றார். பத்துத் தடவையாவது நின்றிருப்பார், பாவம்.

சேலையில் அசைவு கொஞ்சம் முரடாகத் தெரிந்தால் சொல்.

கோமதி


கோவிந்தாபுரம்
15 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நலம்.

உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரிய வேண்டும். அம்மாவா? கேட்டால் சத்தியமாக இல்லை என்கிறார். பிப்ரவரி 2 எனக்குக் கல்யாணம் என்பது பத்திரிகை அடிக்கும் வரை வெளியே போகக்கூடாது என்று ஐயன் சொல்லியிருந்தார். கொல்லங்கோட்டில் மண்டபம் பார்த்ததும் மௌனிகா வீட்டாரோடு பேசி முடித்ததும் பங்காளிகளுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் நேரடியாகக் கேட்டிருக்கலாம். மணவறையில் மூன்றாவது இருக்கை வைத்து எனக்குக் குத்திக் காட்ட வேண்டியதில்லை.

இணைச்சீருக்குப் பெரியப்பா மகள் தங்கமணி நிற்பதாக ஐயன் முடிவு செய்துவிட்டார். நான் அதில் ஒன்றும் செய்வதற்கில்லை.

லிஸ்பன் அம்மாவும் மூன்றாவது ஆள் யார் என்று கேட்கிறார். அவர் கேட்டது இரண்டு இருக்கை. மூன்றாவதை எடுத்துவிட்டு அனுப்பவும்.

சிவப்பிரகாஷ்


சூரியநெல்லி
9 டிசம்பர் 2024

பிரகாசு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் நன்றாக இருங்கள்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. உனக்குக் கல்யாணம் என்பதே உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும். மணவறை கேட்டாய், எனக்குத் தெரிந்த மணவறையைச் செய்தேன். அதில் அக்காவுக்கு இடம் இருக்கும் என்று நினைத்தது என் தப்புதான்.

மூன்று வாரமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அழுகை வந்தது. அழுதுகொண்டு வேலைக் கடிதம் எழுதக்கூடாது என்று விட்டுவிட்டேன். இப்போது பரவாயில்லை.

மூன்றாவது இருக்கையை எடுத்துவிட்டேன். அவள் வராமலே இப்போது எல்லாம் தானாக நடக்கும். சோதித்துப் பார்த்துக்கொள்.

மௌனிகா என்ற பெயர் நன்றாக இருக்கிறது. பேசுகிற பெண்ணாக இருக்கட்டும், உங்கள் வீட்டில் ஒருவராவது பேச வேண்டும்.

கோமதி


கோவிந்தாபுரம்
5 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

நான் எழுதியது தவறு. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

வேலை விஷயம் ஒன்று. இருக்கையை எடுத்துவிட்டீர்கள். ஆனால் மாப்பிள்ளையின் இடது கை அப்படியே நீண்டிருக்கிறது. பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகும், தாலி கட்டும்போதும் வலது கைதான் அசைகிறது. கட்டி முடித்த பிறகும் இடது கை பக்கவாட்டில் வெறுமனே நிற்கிறது. லிஸ்பன் அம்மா அதை வட்டம் போட்டுக் காட்டி, ‘இவர் யாருக்காகக் காத்திருக்கிறார்’ என்று கேட்டிருக்கிறார். அந்தக் கையை இறக்க வேண்டும்.

சென்ற செவ்வாய்க்கிழமை மாய உலகத்தில் நம் வேலையைச் சோதித்துப் பார்க்கும் பட்டறைக்குப் போனபோது உங்கள் அவதார் மணவறைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. நானும் நின்றேன். பேச வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் ஐயனிடம் கேட்டுவிட்டேன். “அக்காவ இணைச்சீருக்குக் கூப்படலாமுங்களா” என்றேன். நாற்காலிக் கையில் மூன்று தட்டுத் தட்டினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

சிவப்பிரகாஷ்


சூரியநெல்லி
16 ஜனவரி 2025

பிரகாசு,

பொங்கல் நல்லபடியாக ஆனது. எல்லோரும் நலம்.

செவ்வாய்க்கிழமை உன்னைப் பார்த்தேன். அங்கே ஒருவர் எழுதத் தொடங்கினால் அவர் அவதார் காற்றில் தட்டச்சு செய்யும், மறந்துவிட்டாயா? ஆறு நிமிடம் உன் இரண்டு கையும் அடித்துக்கொண்டே இருந்தன. ஒரு வரிகூட வரவில்லை. பிறகு நீ மறைந்துவிட்டாய். இவரிடம் சொன்னேன், “பாவம், விரல் வலிச்சிருக்கும்” என்றார்.

ஐயனிடம் கேட்டாய் என்பதை இரண்டு முறை படித்தேன். நீ கேட்பாய் என்றே நான் நினைக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். மூன்று தட்டுக்குப் பிறகு அவர் என்ன சொன்னார்? நீ எழுந்து வந்துவிட்டேன் என்கிறாய். நானும் அன்றைக்கு அப்படித்தான் எழுந்து வந்தேன். நம் இருவரில் ஒருவராவது உட்கார்ந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கை விஷயம். அது எப்படி நின்றுபோனது என்று எனக்குத் தெரியும். மற்ற எந்த அசைவும் அந்தக் கையை மாற்றிவிடாதபடி முதல் இடம் கொடுத்து வைத்திருந்தேன். இருக்கையை எடுத்தபோது அதை எடுக்கவில்லை. மறதி இல்லை, மனசு வரவில்லை. நீ எழுதிய பிறகு, கையை மடியில் வைத்திருக்கும் அசைவு ஒன்றும் செய்துவிட்டேன், அதுவும் உள்ளேயே இருக்கிறது. பட்டியலில் பதினாலாவது வரியில் ‘கை நீட்டி’ என்று இருப்பதை அழித்துவிட்டு ‘கை மடியில்’ என்று எழுதினால் தீர்ந்தது. அரை நிமிட வேலை.

பத்து நாளாக அந்த வரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டிருக்கிறேன். என்னால் முடியாது. அந்தக் கையை நீயே இறக்கிக்கொள்.

கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். கூப்பிடாத வீட்டுக்கு வர மாட்டேன், பயப்படாதே.

கோமதி


கோவிந்தாபுரம்
10 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கும், மச்சான் சுடலைமணி அவர்களுக்கும், அத்தை அழகுத்தாய் அவர்களுக்கும், ஆர்த்திக்கும்,

சிவப்பிரகாஷ், மௌனிகா இருவரின் வணக்கம். நாங்கள் நலம். நீங்கள் நால்வரும் நலமாக இருக்க வேண்டும்.

பதினாலாவது வரியை மாற்றிவிட்டேன். லிஸ்பன் அம்மாவுக்குத் திருப்தி. அவருடைய மாப்பிள்ளையின் கை மடியில் இருக்கிறது.

கல்யாணத்தில் நடந்ததை எழுதுகிறேன். நடந்தபடியே எழுதுகிறேன், அலங்காரம் எனக்கு வராது.

முகூர்த்தத்துக்கு முன்னால் இணைச்சீருக்கு உட்காரவைத்தார்கள். தங்கமணி உடுத்தி, நகையெல்லாம் போட்டு, பேழைமூடியோடு வந்து நின்றாள். சீர் செய்து வைத்த அருமைக்காரர் நம் நஞ்சப்பன் அண்ணன்தான். கூறைச்சேலையின் ஒரு முனையை என் இடது கையில் கொடுத்தார். நான் கையை நீட்டிப் பிடித்தேன். மறுமுனையைத் தங்கமணியிடம் கொடுக்கப் போனார். “இது எங்க அக்கா எடமுங்க. வேற ஆரும் புடிக்க வேண்டாமுங்க” என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். மேளத்தை நிறுத்தியிருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது.

ஐயன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக் கையில் தட்டினார். மூன்று. எனக்குக் கால் எழுந்துகொள்ளப் பார்த்தது. இந்த முறை உட்கார்ந்தே இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். “முகூர்த்தம் தப்பிரும். ஆக வேண்டியதப் பாருங்க” என்றார். அவ்வளவுதான்.

தங்கமணியின் மாமா ஒருவர் “எடத்தக் காலியா உட்டுச் சீர் செய்யலாமா” என்று சத்தம் போட்டார். நஞ்சப்பன் அண்ணன், “கூடப்பொறந்தவ உசுரோட இருக்கறா. அது காலி எடமில்லீங்க, வரோணும், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு, என் இடது பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு, பேழைமூடியை அதன் மேல் வைத்து, மறுமுனையை அதில் வைத்தார். தங்கமணி கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மணை பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அவள்தான் படமும் எடுத்தாள். இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

சீர் முடிந்து அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் மௌனிகா தாலி வாங்கினாள். உங்களைப் பற்றி நிச்சயம் ஆன மாதமே அவளிடம் சொல்லியிருந்தேன். அவளிடம் சொல்ல முடிந்ததை உங்களுக்கு எழுத முடியவில்லை. நானே உங்களிடம் மறைத்தேன், பிறகு உங்களையே குறை சொன்னேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உடுமலை, மறையூர் வழியாக அங்கே வருகிறோம். கூறைச்சேலையையும் பேழைமூடியையும் கொண்டுவருகிறோம். மறுமுனை உங்கள் கைக்கு வர வேண்டும். அம்மாவும் வருகிறேன் என்று நிற்கிறார். இதைக் கூடத்தில் வைத்துத்தான் பேசினோம். ஐயன் பேப்பரை இறக்கவே இல்லை. அதன் பின்னாலிருந்தே, “முட்டி வலிக்காரி. ஜீப்புல முன்னாடி ஒக்கார வெக்கச் சொல்லு” என்றார். யாரிடம் சொல்லச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மச்சானிடம் சொல்லவும்.

தம்பி,
சிவப்பிரகாஷ்


சூரியநெல்லி
11 பிப்ரவரி 2025

பிரகாசுக்கும் மௌனிகாவுக்கும் ஆசீர்வாதம்.

உங்கள் மச்சான் மூணாறு வரைக்கும் ஜீப்பைக் கொண்டுவந்து நிற்பார். முன் சீட்டை இன்றைக்கே கழற்றி வெயிலில் போட்டு, பஞ்சு மாற்றிக்கொண்டிருக்கிறார். மறையூர் தாண்டினால் குளிரும், அம்மாவுக்குக் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் இதுவரை மூன்று பேரைக் கூப்பிட்டு, தம்பி வருகிறான் என்று சொல்லியாயிற்று. தம்பி அவருக்கா எனக்கா என்று தெரியவில்லை.

படத்தைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையை இரண்டு அங்குலம் உயரமாகப் பிடித்திருக்கிறாய், பிரகாசு. நான் அவ்வளவு உயரமில்லை. வா, நேரில் சரிசெய்துகொள்ளலாம்.

அக்கா